புள்ளியை எடுக்காத ஸ்கேனர்

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். முதல் காரியமாக உங்கள் வீட்டுக்காரியிடம் சொல்லுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை, கல்லு மாதிரி இருக்கிறேன். நேற்றுப் போனில் நான் கேட்டது ஸ்கேனர். அவள் காதில் விழுந்தது கேன்சர். "ஐயோ அக்கா, உங்களுக்குமா?" என்று ஆரம்பித்தாள். நான் "ஸ்கேனர்டி, ஸ்கேனர்" என்று கத்தக் கத்த அவள் இன்னும் பெரிதாக அழுதாள். அழுதபடியே போனையும் வைத்துவிட்டாள். அதனால் இந்த விஷயத்தை எழுதியே முடித்துக்கொள்வோம். மெஷின் சமாச்சாரம் எழுத்தில் இருந்தால் இரண்டு தரம் படித்துப் பார்க்க எனக்கும் வசதி.

விஷயம் இதுதான். உங்கள் அண்ணன் போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. அவருடைய டிரைவர் யூனிபாரங்களை மடித்து வைத்த இரும்புப் பெட்டியைப் போன வாரம்தான் திறந்தேன். அடியில் ஒரு பழுப்பு உறை. அதற்குள் நாலைந்து காகிதமும் மூன்று பிலிமும் இருந்தன. இவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தூரத்தில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பி, ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். கடையில் கொடுக்க மனமில்லை. இந்தத் தெருவில் கடை வைத்திருக்கிற எல்லாருக்கும் நான் ஊசி போட்டிருக்கிறேன். காலையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தால் மாலைக்குள் பத்துப் பேர் வாசலில் நின்று விசாரிப்பார்கள்.

ஆகவே காகிதம், பிலிம் இரண்டையும் எடுக்கிற மாதிரி, கையைக் கடிக்காத விலையில், சாப்பாட்டு மேஜை ஓரத்தில் அடங்குகிற ஸ்கேனர் ஒன்று சொல்லுங்கள். விளம்பரத் தாள்களை நானே படித்துப் பார்த்தேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அவசரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து மேட்ரன் மறுபடி ஆள் அனுப்பிவிட்டார், "எப்ப வேலைக்குத் திரும்பறீங்க சிஸ்டர்?" என்று. உங்கள் அண்ணன் இறந்த மாதத்தோடு நர்ஸ் உடுப்பைக் கழற்றி வைத்தவள் நான். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். கட்டின புருஷன் நோயைக் கண்டுபிடிக்கத் தெரியாதவள் ஊரார் நாடியைப் பிடித்து என்ன கிழிக்கப்போகிறேன்? அந்த ஒரு கேள்விக்குப் பதில் வந்தால்தான் நான் எந்தப் பக்கம் போவது என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்
அண்ணி


ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள், அப்புறம் அதற்கும் கொஞ்சம் அழுதாள். "அக்கா நல்லா இருந்தா போதும், நான் லூசாவே இருந்துட்டுப் போறேன்" என்கிறாள்.

அண்ணி, நம் குடும்பத்தில் எல்லாரும் என்னை மெஷின் மேதை என்று நினைக்கிறீர்கள். நான் வெறும் ஜெராக்ஸ் மெக்கானிக். கோர்ட்டிலும் காலேஜிலும் நிற்கிற பீரோ அளவு மெஷின் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவேன். வீட்டு ஸ்கேனர், அதுவும் பிலிம் எடுப்பது, எனக்குப் புதுசு. நாலு கடை ஏறி இறங்கினேன். நாலு பேர் ஐந்து விதமாகச் சொன்னார்கள்.

எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். காகிதத்தை மேலே செருகினால் உள்ளே இழுத்துக் கீழே தள்ளுகிற மெஷின் ஒன்று உண்டு. காகிதத்துக்கு ராஜா, பிலிமுக்கு ஆகாது, கீறிவிடும். பிலிமுக்கென்றே ஒரு சின்னப் பெட்டி உண்டு. பிலிமை நன்றாக எடுக்கும், ஆனால் ஒரு ரேஷன் கார்டைக்கூட அதற்குள் நுழைக்க முடியாது. நமக்கு வேண்டியது மூன்றாவது ரகம். சூட்கேஸ் மாதிரி மூடியைத் திறந்து கண்ணாடிமேல் வைக்கிறது. அதிலும் மூடியில் விளக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காகிதத்துக்குக் கீழேயிருந்து வெளிச்சம் போதும். பிலிமுக்கு மேலேயிருந்து வெளிச்சம் ஊடுருவி வரணும். இந்த விளக்கு இல்லாத மெலிசு மெஷின்தான் மலிவு. கடைக்காரர்கள் அதைத்தான் நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள்.

அண்ணனுடைய பிலிம் என்று படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தக் கேமராவை ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டிருப்பாரே! ஒரு தடவை மேகம் அழகாக இருக்கிறது என்று பாலத்துமேல் பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிட்டார். நாற்பது பிரயாணிகளும் கண்டக்டரும் சேர்ந்து திட்டினார்கள். "நீங்களும் வந்து பாருங்கய்யா" என்று அவர்களையும் இறக்கினார். மூன்று பிலிம் என்றால் நூறு படத்துக்கு மேல் வருமே! யாருக்கு அனுப்பப் போகிறீர்கள்? டிரைவர் சங்கத்துக் காலண்டருக்கா?

சில விவரம் மட்டும் எழுதுங்கள். பிலிம் கலரா, கறுப்பு வெள்ளையா? நெகட்டிவா, பாசிட்டிவா? மேலே தூசி, கீறல், புள்ளி ஏதும் இருக்கிறதா? அதை வைத்துத்தான் மெஷினை முடிவு செய்ய முடியும் என்று கடைக்காரர் சொல்கிறார்.

உங்கள்
தம்பி


ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

காலண்டரும் இல்லை, சங்கமும் இல்லை. யாருக்கு என்பதைப் பிறகு சொல்கிறேன், இப்போது சொன்னால் உங்கள் வீட்டில் மறுபடி ஒருத்தி அழுவாள். நூறு படம் எங்கிருந்து வரும் என்றும் எனக்குப் புரியவில்லை. மூன்று பிலிம் என்றால் மூன்று படம்தானே?

கறுப்பு வெள்ளைதான். வேறென்ன இருக்கப்போகிறது? நெகட்டிவா பாசிட்டிவா என்று கேட்டிருக்கிறீர்கள். அதைத் தெரிந்துகொள்ளவா இந்தப் பாடு படுகிறேன்? என் கண்ணுக்குப் பாசிட்டிவ் என்றுதான் படுகிறது. அதில் சந்தேகமும் இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது வேறு.

புள்ளி கேட்டீர்களே, இருக்கிறது. ஒன்றில் சட்டைப் பொத்தான் அளவு. இன்னொன்றில் அதே இடத்தில் கொஞ்சம் பெரிது. மூன்றாவதில் அதைவிடப் பெரிது. தூசியாக இருக்கட்டும் என்று மெல்லிய துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. அதற்குமேல் நான் என்ன எழுத?

நீங்கள் இவ்வளவு விசாரித்து எழுதியதே எனக்குப் பெரிய தெம்பு. உங்கள் அண்ணன் இருந்தால் "என் தம்பியைக் கேட்டா ஆறு பக்கம் எழுதுவான், ஏழாவது பக்கத்துல எனக்குத் தெரியாதும்பான்" என்று கிண்டல் செய்திருப்பார்.

அன்புடன்
அண்ணி


ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

பாசிட்டிவ் என்று எழுதிவிட்டீர்கள், ஆகவே அது ஸ்லைடு. அதுவும் கறுப்பு வெள்ளையில் ஸ்லைடா! கடைக்காரர் தன் சர்வீஸில் பார்த்ததே இல்லையாம். "உங்க அண்ணன் பெரிய ஆளுதான் சார்" என்றார். மூன்று பிலிம் என்றால் மூன்று படம் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நானும் அவளும் ரொம்ப நேரம் யோசித்தோம். சுருளில் மூன்று படத்தை மட்டும் வெட்டி வைத்திருப்பார் போல என்று முடிவு கட்டினோம். அண்ணன் செய்கிற எதற்குத்தான் காரணம் இருந்திருக்கிறது?

மூன்றிலும் ஒரே இடத்தில் புள்ளி என்றால் அது பிலிமில் உள்ள கோளாறு இல்லை, கேமரா லென்ஸில் இருந்த தூசி. பெரிதாகிக்கொண்டே போனால் பூசணம். அதை நினைத்து நீங்கள் கொஞ்சமும் கவலைப்படாதீர்கள். இப்போது வருகிற உயர்ந்த ரகத்தில் ஒரு வசதி இருக்கிறது. புள்ளி எங்கே இருக்கிறது என்று மெஷினே கண்டுபிடித்து, அந்த இடத்தை அக்கம்பக்கத்து நிறத்தால் நிரப்பி, புள்ளி இருந்த சுவடே தெரியாமல் செய்துவிடும். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சுத்தமாக இருந்த மாதிரியே தெரியும். கறுப்பு வெள்ளையில் இது சரியாக வேலை செய்யாது என்று ஒரு கடையில் சொன்னார்கள், செய்யும் என்று இன்னொரு கடையில் சத்தியம் பண்ணினார்கள். விலை கொஞ்சம் கூட. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொரு குழப்பம். அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று ஒரு எண் போட்டிருப்பான். காகிதத்துக்கு முந்நூறு புள்ளி போதும். பிலிமுக்கு மூவாயிரமாவது வேண்டும். பெட்டிமேல் பத்தாயிரம் என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்பக்கூடாது. அது இல்லாத புள்ளியை மெஷின் தானாகக் கற்பனை பண்ணிச் சேர்ப்பது. ஆக ஒரு மெஷின் இருக்கிற புள்ளியை எடுக்கிறது, இன்னொன்று இல்லாத புள்ளியைச் சேர்க்கிறது. எனக்கே மண்டை காய்கிறது அண்ணி. உங்களுக்கு எது வேண்டும் என்று எழுதுங்கள், வாங்கிவிடுகிறேன்.

உங்கள்
தம்பி


ஜூன் 24

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே எழுதுகிறேன். புள்ளியை எடுத்துவிடுகிற மெஷின் வேண்டாம். வேண்டவே வேண்டாம். இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கிவிடாதீர்கள். அந்தப் புள்ளிக்காகத்தான் தம்பி இவ்வளவும். அது போய்விட்டால் மிச்சப் படத்தை வைத்து நான் என்ன செய்வேன்?

இப்படி ஒரு மெஷினை யார் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். சுவடே தெரியாமல் செய்துவிடுமாம், சுத்தமாக இருந்த மாதிரியே தெரியுமாம். இல்லாத புள்ளியைச் சேர்க்கிறதும் வேண்டாம். இருக்கிறதை இருக்கிற இடத்தில், இருக்கிற அளவில் காட்டினால் போதும். அப்படி ஒரு சாதாரண, நேர்மையான மெஷின் கடையில் கிடைக்காதா?

கேமரா, லென்ஸ் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரிகள் எனக்குப் பிடிபடவில்லை. உங்கள் தொழில் பாஷை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அண்ணி


ஜூன் 29

அன்புள்ள அண்ணிக்கு,

உத்தரவுப்படியே. மூடியில் விளக்கு உள்ள, புள்ளியில் கை வைக்காத, நடுத்தர விலை மெஷின் ஒன்றை நேற்று வாங்கி பார்சலில் அனுப்பிவிட்டேன். "புள்ளியை எடுக்காத ஸ்கேனர் குடுங்க" என்று கேட்டதும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எங்கள் அண்ணிக்குப் பழைய படத்தில் தூசிகூடப் பொக்கிஷம் என்று சொல்லி வைத்தேன்.

பெட்டிக்குள் பிலிம் வைக்கிற சட்டம் இருக்கும். கறுப்பு பிளாஸ்டிக். அதில் பிலிமைப் பொருத்தி, வழவழப்பான பக்கம் கீழே இருக்கிற மாதிரி வையுங்கள். மாற்றி வைத்தால் இடது வலதாகிவிடும். அண்ணன் எடுத்த மூன்று படத்தையும் எனக்கும் அனுப்புங்கள். பார்க்க ரொம்ப ஆசையாக இருக்கிறது.

உங்கள்
தம்பி


ஜூலை 7

அன்புள்ள தம்பிக்கு,

மெஷின் உடையாமல் வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுக் கல்லூரி வாத்தியார் கம்ப்யூட்டரில் இணைத்துக் கொடுத்தார். காகிதங்களை முதலில் எடுத்தேன். கசங்கின சீட்டில் இருந்த பென்சில் கோடுகூட விழுந்திருக்கிறது. நல்ல மெஷின், உங்கள் கைராசி.

பிலிமில்தான் மாட்டிக்கொண்டேன். நீங்கள் சொன்ன கறுப்புச் சட்டத்தை எடுத்துப் பார்த்தால் தீப்பெட்டி அளவு ஜன்னல்களாக இருக்கின்றன. இதில் எதை வைப்பது? என்னிடம் இருக்கிற ஒவ்வொன்றும் ஓர் அடிக்கு மேல் அகலம், ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவான நீளம். கண்ணாடியையே தாண்டி வெளியே தொங்குகிறது. மூடி விளக்கும் நடுவில் ஒரு பட்டையாகத்தான் எரிகிறது. ஒரு விலா எலும்பு தெரிந்தால் இன்னொன்று தெரியவில்லை.

அளவை முதலிலேயே எழுதாதது என் தப்பு. மார்பு எக்ஸ்ரேயை பிலிம் என்று சொல்லியே இருபத்தாறு வருஷம் வார்டில் பழகிவிட்டேன். "பிலிம் வந்துச்சா, பிலிமைக் கொண்டா" என்பதுதான் எங்கள் பேச்சு. பிலிம் என்றால் எல்லாருக்கும் அதுதான் என்று நினைத்துவிட்டேன். நீங்கள் கேமரா, மேகம், காலண்டர் என்று எழுதியபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உங்கள் கடிதங்களை மறுபடி எடுத்துப் படித்தேன். நாம் இரண்டு பேரும் ஒரு மாதமாக வெவ்வேறு பிலிமைப் பற்றி எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம்! சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இப்போது சொல்கிறேன். அனுப்ப வேண்டியது எங்கள் பழைய டாக்டரம்மாவுக்கு. அவர் இப்போது வேறு தேசத்தில் இருக்கிறார். ஜன்னலில் ஒட்டிப் போனில் படம் பிடித்து அனுப்பினேன். "உங்க வீட்டு ஜன்னல் கம்பி நல்லா தெரியுது சிஸ்டர்" என்று பதில் வந்தது. முழு பிலிமையும் எடுக்கிற பெரிய மெஷின் வாடகைக்காவது கிடைக்குமா என்று விசாரித்து எழுதுங்கள்.

அன்புடன்
அண்ணி


ஜூலை 12

அண்ணிக்கு,

அந்த அளவுக்கு வீட்டு ஸ்கேனர் எதுவும் கிடையாது. இருந்தாலும் விலை எட்டாது. வாடகைக்கும் யாரும் கொடுப்பதில்லை. பழைய எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு இனி என்ன ஆகப்போகிறது? தூக்கிப் போட்டுவிடுங்கள். மனசைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம். இங்கே வேலை ஜாஸ்தி.

தம்பி


ஜூலை 17

அன்புள்ள தம்பிக்கு,

சட்டைப் பொத்தானுக்கும் கோட்டுப் பொத்தானுக்கும் வித்தியாசம் கேட்டால்கூட ஆறு பக்கம் எழுதுகிற ஆள் நீங்கள். ஐந்து வரியில் முடித்திருக்கிறீர்கள். உடம்பு சரியில்லையா? இல்லை, எக்ஸ்ரே என்றதும் அண்ணன் ஞாபகம் வந்து வருத்தமா? நான் மென்று முழுங்காமல் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். தூக்கிப் போட ஏன் என்னால் முடியாது என்று அப்போது உங்களுக்கே புரியும்.

அவர் போவதற்கு முந்தின வருஷம் அக்டோபரில்தான் முதலில் இருமினார். "தொண்டையில என்னமோ பண்ணுது" என்றார். நான் அன்றைக்கு இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்திருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "பஸ் தூசிதான், சிரப் குடிச்சிட்டுப் படுங்க" என்றேன். ஜனவரியில் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே எடுத்த பிலிமில் கட்டி எலுமிச்சை அளவுக்கு நின்றது. ஆகஸ்டில் போய்விட்டார். அந்த மூன்று மாதம் என் அசட்டையால் போனது என்று நினைத்துத்தான் இவ்வளவு நாள் இருக்கிறேன். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை.

தெரியாத கதை இது. பெட்டியில் இருக்கிற மூன்று பிலிமும் அவருடையதுதான். சின்ன வயதில் உங்களைச் சைக்கிளில் பின்னால் வைத்துக்கொண்டு விழுந்து உடைத்தாரே, அந்தக் கழுத்தெலும்பு ஒட்டின தழும்பு மூன்றிலும் இருக்கிறது. புள்ளி ஜனவரியில் இருந்ததைவிடச் சின்னது. அப்படியானால் ஜனவரிக்கு முன்னால் எடுத்தவை. ஆனால் எப்போது? பேரும் தேதியும் இருக்கிற மூலையை மூன்றிலும் யாரோ கத்திரியால் வெட்டியிருக்கிறார்கள். காகிதங்களிலும் தேதி கிழிந்திருக்கிறது.

இரண்டு விதமாக யோசிக்கிறேன். நான் சிரப்பைக் கொடுத்து அலட்சியமாக அனுப்பினேனே, அதற்கப்புறம் என்னிடம் மறுபடி சொல்லக் கூச்சப்பட்டு, யாரோ அந்நியன் மாதிரி வெளியே போய் எடுத்துக்கொண்டாரா? அப்படி என்றால் என் பாவம் இரண்டு மடங்கு. இல்லை, நான் சிரப் கொடுப்பதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரியுமா? தெரிந்தேவா என் எதிரில் நின்று அந்தச் சிரப்பைக் குடித்தார்? இது என்றால் என் தலையில் இருக்கிற பாரம் இறங்கும். ஆனால் அப்போது அவர் யார் என்றே எனக்குத் தெரியாமல் போய்விடும். மூன்று பிலிமையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புள்ளி வளர்ந்த வேகத்தை வைத்து டாக்டரம்மா உத்தேசமாகக் காலம் சொல்வார். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். சிரப் முதலா, பிலிம் முதலா?

இதை எழுதும்போது ஒன்று ஞாபகம் வருகிறது. கடைசி இரண்டு வருஷத்தில் அவர் டிப்போ வேலை என்று உங்கள் ஊருக்கு மூன்று நாலு தடவை வந்தார். உங்களிடம் ஏதாவது சொன்னாரா தம்பி? சின்னதாக, ஒரு வார்த்தை?

அண்ணி


ஜூலை 25

அண்ணி,

இந்தக் கடிதத்தை நாலு நாளாக எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இது எப்படி வந்தாலும் அனுப்பிவிடப் போகிறேன்.

டாக்டரம்மாவுக்கு எதையும் அனுப்ப வேண்டாம். பிலிம்தான் முதல். நீங்கள் சிரப் கொடுத்த அக்டோபருக்குப் பதினோரு மாதம் முன்னால், நவம்பர் பதினேழாம் தேதி. கோர்ட்டில் பெரிய மெஷினின் உருளை உடைந்து நான் கையெல்லாம் மையாக நின்றபோது அண்ணன் வந்தார். இருமல் இல்லை, ஒன்றும் இல்லை. லைசென்ஸ் புதுப்பிக்க மருத்துவப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே கேட்கிறார்கள், "அங்க எடுத்தா உங்க அண்ணி கூட்டமே வந்து நிக்கும், இங்க எடுத்துட்டுப் போயிடறேன்" என்றார். நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன்.

அங்கே இருந்த டாக்டர் உடனே ஆபரேஷன் என்றார். பிழைப்பது பாதிக்குப் பாதி என்றார். அண்ணன் வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். டீ ஆறிப்போனது. அப்புறம் சொன்னார். "அவகிட்ட சொல்லாதடா. சொன்னா அந்த நிமிஷத்துலேர்ந்து நான் அவளுக்குப் பேஷண்ட். வீட்டுக்கு வந்தும் அவ டியூட்டியே பார்க்கணுமா? கொஞ்ச நாள் புருஷனா இருந்துட்டுப் போறேன்." நான் அழுதேன், சண்டை போட்டேன். "சத்தியம் பண்ணு" என்றார். பண்ணினேன். அடுத்த மே மாதத்திலும் செப்டம்பரிலும் வந்து எடுத்தார். அதிலும் நான்தான் கூடப் போனேன். மூலைகளை வெட்டியது அவர் இல்லை அண்ணி, நான். என்றைக்காவது உங்கள் கையில் கிடைத்தாலும் தேதி தெரியக்கூடாது என்று, என் வீட்டுச் சமையலறையில், அவள் துணி வெட்டுகிற கத்திரியால். அவளுக்கே நேற்றுத்தான் சொன்னேன். அதிலிருந்து என்னோடு பேசவில்லை.

அண்ணனை எடுத்துப் போன அன்று, "நர்ஸா இருந்துக்கிட்டு கண்ணு முன்னாடியே கோட்டை விட்டுட்டேனே" என்று நீங்கள் சுவரில் முட்டிக்கொண்டீர்கள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் என் முகத்தில் விழிக்க மாட்டீர்கள் என்று பயந்தேன். அப்புறம் ஒவ்வொரு தடவை வரும்போதும், நீங்கள் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதும், அடுத்த தடவை சொல்லிவிடலாம் என்று கிளம்பிவிடுவேன். அண்ணனுக்குக் கொடுத்த சத்தியம் என்பதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சாக்கு. உங்களை இழக்கப் பயம், அவ்வளவுதான்.

எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை அண்ணி.


செப்டம்பர் 2

தம்பிக்கு,

"அன்புள்ள" என்று எழுதினேன், அடித்தேன். அடித்ததை அனுப்பவும் மனசு வரவில்லை, வேறு தாள் எடுத்தேன். எழுதினாலும் பொய், எழுதாவிட்டாலும் பொய் மாதிரி இருக்கிறது.

ஐந்து வாரமாக எனக்கு எதுவும் நேராக ஓடவில்லை. காலையில் பல் தேய்க்கும்போதே உங்கள் மேல் கோபம் வருகிறது. மத்தியானத்துக்குள் அது அவர் மேல் திரும்பிவிடுகிறது. சாயங்காலம் யார் மேல் என்றே தெரியாமல் பாத்திரங்களைப் போட்டு உடைக்கிறேன். பாதிக்குப் பாதி! அந்தப் பாதியை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? கட்டிலோடு கட்டியாவது தூக்கிக்கொண்டு போயிருப்பேன். அது அவருக்கும் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. உங்களுக்கும் தெரியும். நீங்களும் சொல்லவில்லை.

நீங்கள் தேதி எழுதிய பிறகுதான் அந்த நவம்பரிலிருந்து எனக்குத் தெரிந்த ஜனவரி வரைக்குமான பதினான்கு மாதத்தையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். டியூட்டி முடிந்து வந்தால் கேட்டுக்கு வெளியே நிற்பார். அதற்கு முன்னால் ஒருநாளும் நின்றதில்லை. லீவு போட்டுக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். என் சேலைக்கு அவரே இஸ்திரி போட்டார், ஒன்றைத் தீய்த்தும் வைத்தார். "என்னடி, உன் புருஷன் புது மாப்பிள்ளையாயிட்டாரு" என்று வார்டில் எல்லாரும் கேலி செய்தார்கள். எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. என் வாழ்க்கையிலேயே நான் சந்தோஷமாக இருந்தது அந்தப் பதினான்கு மாதம்தான். அதற்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்று இப்போது தெரிந்துவிட்டது. இனி அந்த நாட்களை நினைத்துச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? யாரைக் கேட்பது? அவர் இல்லை. அவரோடு நான் சண்டைகூடப் போட முடியாது.

ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரினேன். மூன்று வருஷமாகக் கண்ணாடியைப் பார்க்காமலே வாரிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

உங்கள் ஸ்கேனரைத் திருப்பி அனுப்பத்தான் பெட்டியில் வைத்தேன். அதற்குள் மேட்ரன் என் சர்ட்டிபிகேட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் அனுப்பச் சொன்னார். மறுபடி வெளியே எடுத்தேன். காகிதத்துக்கு நன்றாகத்தான் உழைக்கிறது. பிலிம்களை எதிலும் ஏற்றவில்லை. உறையிலேயே இருக்கின்றன.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. கடிதத்தின் கடைசியில் என் மேல் ஒரு தப்பும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் உங்களுக்கே வெட்கமாக இருக்கும். காகிதத்தில் இருப்பது எனக்குப் போதவில்லை தம்பி. மூன்று வருஷம் என் எதிரே உட்கார்ந்து சொல்லாமல் விட்ட வார்த்தை அது. எதிரே உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து, வாயால் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு உங்களை வெளியே போ என்பேனா, சாப்பிட்டுவிட்டுப் போ என்பேனா என்று அப்போது பார்த்துக்கொள்வோம். உங்கள் வீட்டுக்காரியையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். அவள் உங்களோடு பேச ஆரம்பித்துவிட்டாளா?

ஞாயிற்றுக்கிழமை எனக்கு டியூட்டி இல்லை.

அண்ணி